வட்டக்கச்சிச் சுவரில் இத்தாலிய ஆறு

இலங்கையின் வடக்கே ஓமந்தையில் பஸ்ஸின் பின்சக்கரம் வெடித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, பசிதான் வந்தது. சென்னையாக இருந்தால் முப்பது பேர் சூழ்ந்துகொண்டு ஓட்டுநருக்கு வாகனம் ஓட்டுவது எப்படி என்று வகுப்பெடுத்திருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி, வேப்பமர நிழலைப் பங்கிட்டுக்கொண்டு, வேறு வேலையே இல்லாதவர்கள்போல நின்றார்கள். ஓட்டுநர் கைபேசியில் யாரிடமோ சிங்களத்தில் பேசிச் சிரித்தார். பக்கத்து இருக்கையில் வந்த பெண் எனக்காக மொழிபெயர்த்தாள்.

"சில்லு வெடிக்கேல்லையாம். களைச்சுப்போய் இருந்திட்டுதாம். வீட்டுக்காரிக்குச் சொல்லுறார்."

ரோட்டோரக் கடையில் தடித்த ரொட்டியும் கண்ணில் நீர் வரவைக்கும் சம்பலும் கிடைத்தன. இஞ்சி இடித்துப் போட்ட பிளேன்ரீ இரண்டு குடித்தேன். கடைக்காரர் என் தோளில் தொங்கிய நீள அட்டைக் குழலைப் பார்த்துவிட்டு, "உதுக்குள்ள என்ன, துவக்கோ?" என்றார். துப்பாக்கி இல்லை, படம் என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் சென்னையில் ஒரு ஓவியக் கல்லூரியில் செப்புத்தகட்டில் சித்திரம் செதுக்கி அச்செடுக்கும் கலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். குழலுக்குள் இருந்தது ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இத்தாலியச் சித்திரத்தின் பெரிய பிரதி. செதுக்கியவர் யாரென்று தெரியாது. கதை கிரேக்கப் புராணம். வெயிலுக்கு அதிபதியான தேவன் அப்போலோ, டாஃப்னி என்ற பெண்ணைத் துரத்துகிறான். அவள் ஓர் ஆற்றுத் தெய்வத்தின் மகள். பிடிபடப்போகும் நேரத்தில் அப்பாவைக் கூப்பிடுகிறாள். அவர் அவளை மரமாக்கிவிடுகிறார்.

கதையைவிட எனக்குப் பிடித்தது அதை அடுக்கியிருக்கும் விதம். இடப்பக்கத்திலிருந்து அப்போலோ ஓடி வருகிறான். நடுவில் பெண். தூக்கிய கைகளின் விரல்நுனிகள் இலையாகத் தொடங்கிவிட்டன. வலப்பக்க மூலையில் அந்த அப்பன் சாய்ந்து படுத்துக்கொண்டு குடத்திலிருந்து ஆற்றைக் கவிழ்க்கிறார். ஆட்கள் இடமிருந்து வலமாக ஓட, தண்ணீர் வலமிருந்து இடமாக வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அவள் நிற்கிறாள். இருபது வருடமாக இதை வகுப்பில் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

என் இணையவழி வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தவள் ராகினி. வட்டக்கச்சியில் பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியை. அவளுடைய ஊர்க் கமக்காரர், அதாவது விவசாயிகள், அமைப்பின் மண்டபத்துக்கு ரோட்டைப் பார்த்தபடி ஒரு நீளச் சுவர் இருக்கிறது. அதில் இந்தச் சித்திரத்தை எடுத்து வரைய ஆசைப்பட்டாள். அப்போலோவைக் கோடை வெயிலாக்கி, பெண்ணை மருதமரமாக்கி, ஆற்றுத் தெய்வத்தை ஊருக்குத் தண்ணீர் தரும் இரணைமடுக் குளமாக்கி, எல்லாருக்கும் மரியாதையாக உடுப்பும் போட்டுவிட்டாள். நல்ல யோசனை. ஆனால் அதே சுவரை விளம்பரம் எழுத ஓர் உரக் கம்பனியும் கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விதைப்புக் கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுப்பார்களாம்.

"அக்கா, நான் சொன்னா சித்திர ரீச்சர் எண்டு சிரிப்பினம். நீங்கள் வந்து கதைச்சால் கேப்பினம்" என்று குரல்செய்தி அனுப்பியிருந்தாள். ஒரு வருடம் அவள் தூக்கத்தைக் கெடுத்த சுவர் அது. நான் வந்தது அதற்காகத்தான். தோற்றுப்போவேன் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. பேசி ஜெயிப்பது எனக்குப் பழக்கம்.

கிளிநொச்சியில் ராகினி ஸ்கூட்டியோடு காத்திருந்தாள். என் பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. பெட்டியையும் குழலையும் தெரிந்த ஒருவரின் லான்ட்மாஸ்டரில் ஏற்றினோம். இரண்டு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பெட்டி பூட்டிய வண்டி அது. மாட்டுவண்டி வேகத்தில் போகும், விமானச் சத்தம் போடும். நாங்கள் ராகினி வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து என் பெட்டி வந்து சேர்ந்தது. குழல் வரவில்லை. விதைநெல் மூட்டைகளோடு சேர்ந்து அது உருத்திரபுரம் போய்விட்டது.

ராகினி அழாத குறை. நான் அதற்குள் விரால் மீன் குழம்பும் குத்தரிசிச் சோறும் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். குளத்து மீன் என்றாலே சேற்று வாடை வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த நினைப்பை அந்தக் குழம்பு அடித்துத் துவைத்துவிட்டது.

இரண்டாம் நாள் குழலைத் தேடி ஓட்டோவில் உருத்திரபுரம் போனோம். போகும் வழியில் ஓட்டோ இரண்டு தடவை நின்றது. ஓட்டுநர் இரண்டு தடவையும் இறங்கி இருக்கையைத் தூக்கி உள்ளே ஊதினார், அது ஓடியது. எங்கள் ஊரில் இதற்கு ஒரு மெக்கானிக்கும் அரை நாளும் ஆகும்.

நெல் மூட்டைகளுக்குச் சொந்தக்காரர் நடராசா என்ற ஐம்பது வயதுக்காரர். குழலைப் பத்திரமாக வைத்திருந்தார் என்று சொல்ல முடியாது. படத்தை உருவி, மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் தேங்காய்ப் பாதிகளை வைத்திருந்தார். அப்போலோவின் இடுப்புக்குக் கீழே பத்திரிகைத் தாள் ஒன்று கிடந்தது. அது அவர் மனைவியின் ஏற்பாடு என்று அவர் சொல்லாமலே தெரிந்தது.

"நல்ல வடிவான படம் மிஸ்" என்றார். "ஒரு கோடு கூடப் பிசகேல்லை. ஆனா உவர் வில்லை மற்றக் கையிலயல்லோ வச்சிருக்கிறார்?"

உண்மைதான். படத்தில் அப்போலோவுக்கு வில் வலது கையில் இருக்கிறது. அம்பு எடுக்க இடது கைதான் மிச்சம். இதற்கும் என்னிடம் தயாராக ஒரு விளக்கம் உண்டு. காதல் தலைக்கேறித் தேவனுக்குக் கை தடுமாறிவிட்டது என்பதைக் கலைஞர் நுட்பமாகக் காட்டுகிறார் என்றேன். நடராசா தலையை ஆட்டிவிட்டு, "ஓம், இருக்கலாம்" என்றார். ஈழத்தில் இந்த "இருக்கலாம்" என்பதற்கு, நீ சொல்வதை நான் நம்பவில்லை, ஆனால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. காலையில் இடியப்பமும் சொதியும். எண்ணிக்கையைச் சொன்னால் என் மாணவர்கள் மதிக்கமாட்டார்கள். பிறகு மண்டபத்துக்குப் போனோம். ராகினி முழுப்படத்தையும் சுவரின் அளவுக்கே மறுபக்கமும் தெரியும் தெளிந்த பொலித்தீன் விரிப்பில் கறுப்பு மார்க்கரால் வரைந்து வைத்திருந்தாள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகச் சுருட்டிச் சுருட்டி வரைந்திருக்கிறாள். நான்கு மாத வேலை. அதைச் சுவருக்கு முன்னால், கூரை விளிம்பில் கயிறு கட்டித் திரைபோலத் தொங்கவிட்டோம். அவள் முழுப்படத்தை முதன்முறையாக அன்றுதான் பார்த்தாள். ரோட்டின் மறுபக்கம்வரை பின்னால் போய்ப் போய்ப் பார்த்தாள்.

நாள் முழுவதும் கோடு போடப் பழகினோம். செப்புத்தகட்டுச் சித்திரத்தில் வர்ணம் கிடையாது, பூச்சு கிடையாது, கோடு மட்டும்தான். கோடுகள் நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். தொடை உருண்டை என்றால் கோடும் அதைச் சுற்றி வளைய வேண்டும். உளியை அழுத்தினால் கோடு பருக்கும், கையை லேசாக்கினால் மயிர்போல மெலிந்து முடியும். உளி செய்ததைத் தூரிகையில் கொண்டுவர வேண்டும். ராகினிக்கு மதியத்துக்குள் கை வந்துவிட்டது. எனக்கு இது படிய இரண்டு வருடம் ஆனது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மாலையில் அமைப்பின் தலைவர் சிவபாதம் வந்து பார்த்தார். முதல் வாய்க்காலில் வயல் வைத்திருக்கும் மனிதர், வெள்ளை வெளேரென்ற சட்டை.

"நிறம் ஒண்டும் இல்லையோ பிள்ளை? மீன் வலையால மூடின மாதிரிக் கிடக்கு."

"ஐயா, நிறம் பூசினா இதின்ர உயிர் போயிடும்" என்றாள் ராகினி.

"உரக் கம்பனிக்காரர் ஏழு நிறத்தில செய்து தாறமெண்டவை" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ராகினி என்னைப் பார்த்தாள். நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். எங்கள் ஊர்க் கூட்டம் பத்தரைக்குத்தான் தொடங்கும் என்ற பழக்கத்தில் நிதானமாகப் புட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனால், மண்டபம் ஒன்பதுக்கே நிறைந்திருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் வரிசையாகத்தான் இருந்தார்கள். குளத்துக்குப் பக்கத்து வாய்க்கால்காரர்கள் முன்வரிசை நாற்காலிகளில். அடுத்த வாய்க்கால் அடுத்த வரிசை. கடைசி வாய்க்கால்காரர்களுக்கு நாற்காலி மிஞ்சவில்லை, கதவோரம் நின்றார்கள். எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பது என்று இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். கதவோரத்தில் நின்றவர்கள் கேட்ட தேதி கிடைக்கவில்லை. பிறகு எல்லோரும் வெளியே வந்து திரைக்கு முன்னால் நின்றார்கள்.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். இத்தாலியையும் இரணைமடுவையும் ஒரே மூச்சில் இணைத்தேன். வெயில் துரத்துகிறது, மகள் ஓடுகிறாள், தகப்பன் தண்ணீரைத் திறந்துவிடுகிறார், உங்கள் கதைதானே என்றேன். சிலர் தலையாட்டினார்கள். ராகினியின் முகம் மலர்ந்தது. அந்த நேரத்தில் முன்னால் நின்ற ஒருவர் கையை நீட்டினார்.

"எல்லாம் சரி. தண்ணி எந்தப் பக்கத்தாலை எந்தப் பக்கத்துக்குப் போகுது?"

நான் விளக்க வாயெடுப்பதற்குள் கூட்டத்தில் சலசலப்பு வந்துவிட்டது. சுவரைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் தெற்கு. இரணைமடுக் குளம் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே, இடமிருந்து வலமாகத்தான் வர வேண்டும். எங்கள் படத்தில் குளத்துக் கிழவர் வடக்கு மூலையில் படுத்துக்கொண்டு, தெற்கே பார்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"குளத்துக்கே தண்ணி திரும்பிப் போகுது!"

"விதைக்கிற நேரத்தில உந்தப் படத்தை வச்சுக் கும்பிடச் சொல்லுறியளோ?"

ராகினி தலையில் அடித்துக்கொண்டாள். "என்ர வாழ்நாள் முழுக்க அந்த வாய்க்கால்ல குளிச்சனான் அக்கா. மேசையில வச்சுக் கீறேக்க எனக்குத் தெற்கு வடக்கு விளங்கேல்லை."

சிவபாதம் பாவம் பார்க்கிற குரலில், "அப்ப கம்பனிக்கே குடுப்பம்" என்றார். நான் விடவில்லை. படம் வேறு, வரைபடம் வேறு என்றேன். கண் இடமிருந்து வலமாகத்தான் படிக்கும், ஓட்டமும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும், கலைஞர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார், மாற்றினால் அத்தனையும் கெட்டுவிடும் என்று குரலை உயர்த்தினேன். எனக்கே தெரிந்தது, கூட்டம் என் கையை விட்டுப் போய்விட்டது. ராகினி சுவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கதவோரத்தில் நின்றவர்களிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தெய்வானை என்று பெயர். அவளுடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த வன்னிப் பகுதிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஒரு தெரு தள்ளித்தான் இருந்தது.

"அதத் திருப்பிப் போட்டா என்னாங்க?" என்றாள். "பொலித்தீன்தானே?"

அவள் போய் ஒரு முனையின் கயிற்றை அவிழ்த்தாள். ராகினி ஓடிப்போய் மறுமுனையை அவிழ்த்தாள். கொடியில் காயும் சேலையைத் திருப்புவதுபோல இரண்டு பேரும் இடம் மாறிக் கட்டினார்கள்.

கிழவர் இப்போது தெற்கில் இருந்தார். தண்ணீர் வடக்கே ஓடியது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. ஆனால் நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஓடி வருகிறவனின் கையைப் பார்த்தேன். வில் இடது கையில் இருந்தது. அம்பறாத்தூணி வலது தோளுக்குப் பின்னால், கை எட்டும் இடத்தில் இருந்தது. உலகத்து வில்லாளிகள் எல்லோரும் எப்படி வைத்திருப்பார்களோ அப்படி.

செப்புத்தகட்டில் செதுக்கியது அச்சில் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி விழும். முதல் நாள் முதல் வகுப்பில் நான் சொல்லும் பாடமே இதுதான். இந்தச் சித்திரக்காரர் மட்டும் அதை முன்கூட்டியே யோசித்து மாற்றிச் செதுக்கியிருப்பார் என்று இருபது வருடம் நம்பினேன். அச்சில் விழுந்த படம் அவ்வளவு அழகாக இருந்ததுதான் காரணம். அவர் அப்படியெல்லாம் மாற்றவில்லை. தன் கை போன போக்கில் செதுக்கினார், தாள் அதைப் புரட்டிக் கொடுத்தது. அவர் தகட்டில் பார்த்த படத்தை இன்று வட்டக்கச்சியில் ஒரு பெண் திருப்பிப் போட்டுக் காட்டுகிறாள். காதல் தலைக்கேறியதாம், கை தடுமாறியதாம். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு, சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷமாகவும் இருந்தது.

"நான் சொன்னது தப்பு" என்றேன். "இதுதான் சரி. அந்த ஆள் வரைந்ததும் இப்படித்தான்."

ஆனால் சிவபாதம் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி சரி. இப்ப வெயில் வடக்காலை வருது. சூரியன் எந்த ஊரில வடக்கால வாறவர்?"

முன்வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவில் தெய்வானை பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்க பக்கத்துல வருதுங்க. வடக்குத்தானே கடைசி வாய்க்கா. தண்ணி பத்தலன்னா மொதல்ல எங்க வயல்தான் வெடிக்கும். அங்கருந்துதான் உங்க பக்கம் வரும். அது வாறது ஒங்களுக்குத் தெரியாது. நாங்க வருசா வருசம் பாக்குறோம்."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் பிறந்த பட்டுக்கோட்டைப் பக்கமும் காவிரியின் கடைமடைதான். தண்ணீர் வருமா என்று என் அப்பா வாய்க்கால் கரையில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்ததை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். இந்தப் படத்தின் முன்னால் அது எனக்கு ஒரு நாள்கூட நினைவுக்கு வந்ததில்லை.

தலைவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஓடி வருகிறவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவன் காலடியில் ராகினி வெடித்த நிலத்தைக் கோடு கோடாகக் கீறியிருந்தாள்.

"நிறம் வேண்டாம்" என்றார். "உப்பிடியே வரையட்டும்." அவர்தான் முதலில் கையைத் தூக்கினார். முன்வரிசை தூக்கியது. கதவோரத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தூக்கினார்கள். ராகினி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். மதியச் சோறு மண்டபத்திலேயே கிடைத்தது. கத்தரிக்காய்ப் பால்கறியை மூன்றாம் தடவை கேட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை நான் புறப்பட வேண்டிய நாள். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. விடிந்ததும் சுவருக்குப் போனோம். முந்தின நாள் மாலையே சுவரில் சாக்பீஸால் உருவங்களை இறக்கி முடித்தாயிற்று. ராகினி கறுப்புச் சாயத்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள். தெய்வானை மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகும் வழியில் நின்றாள். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி படத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள்.

"தண்ணி இவ காலுக்கு வரலையே" என்றாள்.

சித்திரத்தில் அப்படித்தான். தண்ணீர் வந்து, வேராகிக்கொண்டிருக்கும் அவள் கால்விரல்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். பிரதியில் இரண்டு விரல் அகல வெள்ளை, சுவரில் ஒரு சாண். மொத்தப் படத்தின் பதற்றமும் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேச என்னால் முடியும்.

"அது வேண்டுமென்றே விட்டது" என்று தொடங்கினேன். "அந்த இடைவெளி இருந்தால்தான்…"

தெய்வானை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "மரமா ஆயிட்டாளே" என்றாள். "தண்ணி இல்லாட்டி மரம் எப்படிங்க நிக்கும்?"

ராகினி தூரிகையைத் தொட்டு எடுத்து, என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். இந்த ஒரு சாணையும் விட்டுக்கொடுத்தால் அது இத்தாலியச் சித்திரக்காரரின் படம் இல்லை.

"கொண்டுபோ" என்றேன்.

அவள் குந்தியிருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டாள். தொடக்கத்தில் பருத்து, போகப்போக மெலிந்து, விரல் நுனியில் போய் நிற்கும் கோடு. ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு கோடுகள். ஏழாவது கோடு அந்த மரப்பெண்ணின் கால் பெருவிரலைத் தொடும்வரை தெய்வானை நின்று பார்த்தாள். பிறகுதான் சைக்கிளை மிதித்தாள்.